எல்லை அறிந்த செல்கள்

நுழையும்முன்

தாயின் கருப்பையில் வேரூன்றியே சேய் வளர்கிறது. அவ்வேர் எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதைப் பொறுத்தே இருவர் நலமும் அமைகிறது. அவ்வேராக விளங்கும் செல்களின் இயல்பை இப்பாடம் விளக்குகிறது.

தோற்றம்

கருவுற்ற முட்டை பலமுறை பிளவுற்று, ஏறத்தாழ 5ஆம் நாளில் கருக்கோளம் ஆகிறது. அதன் உட்செல் திரளிலிருந்து குழந்தை உருவாகிறது. புறத்தே சூழ்ந்துள்ள டிரோபோபிளாஸ்ட் செல்களோ குழந்தையின் உடலில் சேர்வதில்லை. நஞ்சுக்கொடியை அமைத்து, மகப்பேற்றோடு விடைபெறுவதே அவற்றின் பணி.

இருவகைப் பணி

6 அல்லது 7ஆம் நாளில் கருக்கோளம் கருப்பையின் உட்சுவரில் பதியத் தொடங்குகிறது. அப்போது புறச்செல்களுள் ஒரு பகுதி ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட ஒரே படலமாகிறது. இவ்விணைவுக்குத் துணைபுரியும் சின்சிட்டின் என்னும் புரதத்தின் மரபணு, பன்னெடுங்காலத்திற்கு முன் நம் மூதாதை உயிரினங்களைத் தொற்றிய வைரசிடமிருந்து வந்ததாகும். பகையாய் நுழைந்தது இன்று உயிர் வளர்க்கத் துணைநிற்கிறது!

விரல்போன்ற நுண்ணுறிஞ்சிகளைப் போர்த்திநிற்கும் இப்படலம், தாயின் குருதியிலிருந்து ஆக்சிஜனையும் ஊட்டப்பொருள்களையும் பெற்றுச் சேய்க்கு அளிக்கிறது. எனினும், இருவர் குருதியும் நேரடியாகக் கலப்பதில்லை.

மற்றொரு பகுதிச் செல்கள் நுண்ணுறிஞ்சிகளின் நுனியிலிருந்து புறப்பட்டு, நொதிகளால் திசுவைக் கரைத்துக் கருப்பைச் சுவரினுள் ஊடுருவுகின்றன. அங்குள்ள சுருள் தமனிகளை அடைந்து, அவற்றின் சுவர்த்தசையை நீக்கி அகலமாக்குகின்றன. கரையை வெட்டி வாய்க்காலை அகலப்படுத்துவது போன்றது இச்செயல். அதனால் தாயின் குருதி வேகம் தணிந்து, மிகுதியாகப் பாய்கிறது.

எல்லையும் மீறலும்

புற்றுநோய்ச் செல்களும் ஊடுருவுகின்றன. ஆனால், அவை எல்லை அறியா. இச்செல்களோ கருப்பைத் தசையின் உட்புற மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடுகின்றன. கருப்பையின் உட்சுவரும் அங்குள்ள நோய்த்தடுப்புச் செல்களும் அவ்வெல்லையை வகுக்க உதவுகின்றன.

ஊடுருவல் குறைந்தால் தமனிகள் போதிய அளவு விரிவதில்லை. சேயின் வளர்ச்சி குன்றலாம். 20 வாரங்களுக்குப்பின் தாய்க்கு இரத்த அழுத்தம் உயர்ந்து, முன்சூல்வலிப்பு என்னும் நோயும் தோன்றலாம். ஊடுருவல் மிகுந்தாலோ, மகப்பேற்றின்போது நஞ்சுக்கொடி பிரியாமல் கடும் குருதிப்போக்கு ஏற்படும். முந்தைய அறுவை மகப்பேற்றின் தழும்பில் நஞ்சுக்கொடி பதியும்போது இவ்விடர் மிகுதி.

கருவுற்ற தாயின் இரத்த அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் செவிலியர் அளப்பது வெறும் சடங்கன்று. கண்ணுக்குத் தெரியாத அவ்வேரின் நிலையை அறிய உதவும் வழிகளுள் அதுவும் ஒன்றாகும்.

வினாக்கள்

1. சின்சிட்டின் மரபணுவின் சிறப்பு யாது?
2. சுருள் தமனிகள் அகலமாவதன் பயனை விளக்குக.
3. 'ஊடுருவல் குறைந்தாலும் மிகுந்தாலும் இடரே' – நிறுவுக.