கிறிஸ்துமஸ் இரவு விருந்துக்கான ஒயின்: டிசம்பர் மாத ஆலோசனை

பிரான்சில் டிசம்பர் 24ஆம் நாள் இரவு நெடுநேரம் நடைபெறும் குடும்ப விருந்து ரெவெய்யோன் எனப்படும். 31ஆம் நாள் இரவு விருந்துக்கும் அதே பெயரே வழங்குவதால், ஒயினைத் தேர்ந்தெடுப்பதிலும் குளிரூட்டுவதிலும் திறப்பதிலும் நேரும் பிழைகள் எட்டு நாள்களுக்குள் இருமுறை நேர்கின்றன. தேர்வில் நேரும் பிழை நாவோடு முடிந்துவிடும். திறப்பதில் நேரும் பிழையோ கண்ணைப் பறிக்கக்கூடும்.

750 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் 125 மில்லிலிட்டர் அளவில் ஆறு கோப்பைகள் கிடைக்கும். வாங்க வேண்டிய புட்டிகளை இக்கணக்கின்படி வகுத்துக்கொள்ள வேண்டும். பச்சையாக உண்ணப்படும் ஆளிச் சிப்பிக்கு முஸ்கடே அல்லது ஷாப்ளி போன்ற புளிப்பு மிகுந்த வெள்ளை ஒயின் பொருந்தும். சிவப்பு ஒயின் ஆளியோடு சேர்ந்தால் வாயில் உலோகச் சுவையும் மீன் வாடையும் எழுவதால் அதனைத் தவிர்க்க வேண்டும். ஃபுவா க்ரா எனப்படும் கொழுத்த வாத்து ஈரலுக்குச் சொத்தேர்ன் ஏற்றது. பொட்ரைட்டிஸ் என்னும் பூஞ்சணம் படிந்து நீர் வற்றிய திராட்சையிலிருந்து எடுக்கப்படும் இந்த இனிப்பு ஒயினின் புளிப்பு ஈரலின் கொழுப்பைத் தணிக்கிறது. செஸ்ட்நட் கொட்டையுடன் வாட்டிய வான்கோழிக்கோ காயடித்த சேவலுக்கோ பர்கண்டிப் பகுதியின் பினோ நுவார் போதும். டானின், அதாவது நாவை வறளச் செய்யும் துவர்ப்புப் பொருள், அதில் குறைவு. சிவப்பு ஒயினை 16 பாகை செல்சியஸ் அளவில் பரிமாற வேண்டும். அடுப்பும் ஆள்கூட்டமும் சூடேற்றிய அறையின் வெப்பநிலை அதற்குப் பொருந்தாது.

இறுதியில் வரும் பூஷ் என்னும் விறகுக்கட்டை வடிவக் கேக்குக்கே தேர்வு பெரிதும் தவறுகிறது. லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரையுள்ள ப்ரூட் வகை ஷாம்பெயினைக் கேக்கோடு ஊற்றுவது நாகரிகமாகக் கருதப்பட்டாலும், கேக்கின் இனிப்பு அந்த ஒயினை வெறும் புளிப்பாக மாற்றிவிடுகிறது. 32 முதல் 50 கிராம் வரை சர்க்கரையுள்ள டெமி செக் வகையே இங்குத் தகுதியானது. சாக்லேட் மிகுந்த கேக்கென்றால், ரூசியோன் கடற்கரையின் பான்யுல்ஸ் என்னும் இனிப்பு ஒயின் அதனினும் சிறந்தது.

ஷாம்பெயின் புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிப்பதால் உண்டாகும் கரியமில வாயு, அறை வெப்பநிலையில் ஏறத்தாழ ஆறு வளிமண்டல அழுத்தத்தை எட்டுகிறது. கார்ச் சக்கரத்தின் காற்றழுத்தத்தைவிட இது இருமடங்குக்கும் அதிகம். அவ்வழுத்தத்தில் தெறிக்கும் தக்கை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் வரை செல்லக்கூடும் என்று அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் எச்சரித்துள்ளது. இமை மூடுவதற்குள் தக்கை கண்ணை அடைந்துவிடும். கருவிழி கிழிதல், கண்ணுக்குள் குருதி கசிதல், வில்லை இடம்பெயர்தல், விழித்திரை பிரிதல் ஆகியவை அதன் விளைவுகள். ஆகவே, புட்டியின் வாய் எவருடைய முகத்தையும், குறிப்பாகத் திறப்பவரின் முகத்தையும், நோக்கியிருக்கக் கூடாது.

திறக்கும் முறை கடினமானதன்று. பனிக்கட்டியும் நீரும் கலந்த வாளியில் அரைமணி நேரம் வைத்து 8 முதல் 10 பாகைக்குக் குளிர்வித்தால் அழுத்தம் வெகுவாகக் குறையும். உறைநிலைப் பெட்டியில் வைத்து மறந்துவிட்டால் புட்டியே வெடிக்கக்கூடும். பின்னர்த் தக்கையின் மீது கட்டைவிரலை அழுத்தியவாறே, ஷாம்பெயின் தயாரிப்பாளர் அடோல்ஃப் ஜாக்சோன் 1844இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின் வழிவந்த கம்பிக்கூட்டை ஆறு அரைச்சுற்றுகளில் தளர்த்தி, துணியால் போர்த்தி, புட்டியை 45 பாகை சாய்த்து, தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு புட்டியைத்தான் திருப்ப வேண்டும். தக்கைத்திருகியைக் கொண்டு ஷாம்பெயினைத் திறக்கவே கூடாது. ஓசைக்காகப் புட்டியைக் குலுக்கித் தக்கையைப் பறக்கவிடுவோருக்கும், கைப்பேசிப் படத்துக்காகக் கத்தியால் புட்டியின் கழுத்தைத் தட்டியெறிவோருக்கும் எத்தனை முறை சொன்னாலும் உறைப்பதில்லை. அவர்கள் அருகில் குழந்தைகளும் நிற்கின்றனர் என்பதே கவலைக்குரியது. திரும்பவும் கூறப்படுகிறது: புட்டியின் வாய் முகத்தை நோக்கியிருக்கக் கூடாது.

அடிபட்ட கண்ணைத் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது; வலி தணிந்தாலும் பிரான்சில் அவசர உதவிக்கான 15 அல்லது 112 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

முதற்புட்டி பெரும்பாலும் குளிர்ச்சியாகவும் கவனத்தோடும் திறக்கப்படுகிறது. கேக்குக்குரிய புட்டியோ மூன்று மணி நேரம் மேசையிலேயே சூடேறிய பின், பல கோப்பைகள் அருந்திய கையால், விடியல் நெருங்கும் வேளையில் திறக்கப்படுகிறது. எனவே அப்புட்டி கேக் வெட்டப்படும் வரை வாளியிலேயே இருக்க வேண்டும். அதனைத் திறக்கும் பொறுப்பு அன்றிரவு மது அருந்தாத ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படைக்கப்பட வேண்டும். பிரெஞ்சுச் சட்டப்படி வாகனம் ஓட்டுபவரின் ஒரு லிட்டர் குருதியில் மது 0.5 கிராமை, புதிதாக உரிமம் பெற்றவராயின் 0.2 கிராமை, எட்டக் கூடாதென்பதால், விருந்தினரை வீடு சேர்க்கும் பணியும் அவருக்கே உரியது.