வினாக்கொத்துக்கு முன் திகதியைப் பிடியுங்கள்

பொதுக் கொள்கையில் முதுமாணி ஆய்வைத் தனியாகச் செய்பவருக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். வினாக்கொத்தை அச்சடிக்கும் முன், கொள்கையின் திகதிகளை ஊரின் நாட்காட்டியோடு பொருத்திப் பாருங்கள். தலைப்பு அனுமதி, இலக்கிய மீளாய்வு, அத்தியாயப் பிரிப்பு எல்லாம் எப்படியோ முடிந்துவிடும். ஆய்வு கவிழ்வது, "இத்திட்டத்தில் திருப்தியா?" என்று இருநூறு பேரிடம் கேட்டு, வந்த சதவீதத்தைக் கொள்கை மதிப்பீடு என்று கட்டிக் கொடுக்கும்போதுதான். கொள்கை வயலில் என்ன செய்தது என்பதற்கு அந்தச் சதவீதத்தில் விடை இல்லை.

இலங்கையின் இரசாயனப் பசளை இறக்குமதித் தடையையே எடுங்கள். 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானியில் வந்தது; நவம்பர் 24ஆம் திகதி நீக்கப்படுவதாக அறிவித்தார்கள். மட்டக்களப்பின் பழுகாமத்தில் ஒக்டோபர் தொடக்கத்தில் விதைத்த மூன்று மாத நெல்லுக்கு, மட்டம் வெடிக்கும்போது எறிய வேண்டிய யூரியாவின் காலம் அதற்குள் போய்விட்டது. நவம்பர் நடுவில் விதைத்தவருக்கு அறிவிப்பு நேரத்தோடு வந்தது. ஆனால் அறிவித்த அன்றே மூட்டை வந்து இறங்குவதில்லை. ஒரே தடை, பக்கத்துப் பக்கத்து வயல், இரண்டு வேறு பாதிப்பு. "பாதிக்கப்பட்டேன்" என்ற பெட்டியில் இருவரும் புள்ளடி போட்டால் இந்த வேறுபாடே மறைந்துவிடும். விதைத்த நாள் யாருக்கு ஞாபகம் இருக்கும் என்பார்கள். அந்த வருடத் தீபாவளி நவம்பர் 4. அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள், பதில் வரும். அதைப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத் தீர்மானத்தோடும் பசளை விநியோகப் பதிவோடும் ஒப்பிடுங்கள்.

ஒரு கிராமம் நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்யாது, மாதிரி போதாது என்று சில மேற்பார்வையாளர்கள் ஒரே வரியில் மறுப்பார்கள். நாட்டின் சராசரியைச் சொல்வதற்கென்றால் அது நியாயம். ஒரு தடை எந்த வழியால் விளைச்சலைத் தொட்டது என்று காட்டுவதற்கு, திகதி தெரிந்த ஒரு வயற்கண்டம், திகதி தெரியாத ஆயிரம் படிவங்களைவிடப் பெறுமதியானது. கந்தோரில் ஆவணம் தரமாட்டார்கள் என்பது அடுத்த தடை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறகு எதற்கு? தகவல் கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பிறகு ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு உண்டு. அதற்கு மாதங்கள் போகலாம் என்பதால், ஆய்வு முன்மொழிவு ஏற்கப்பட்ட வாரமே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். வேலையும் பார்த்துக்கொண்டு பட்டிருப்புப் பாலம் கடந்து படிக்கப் போகும் நமக்கு, நாடளாவிய கணக்கெடுப்பு கைக்கெட்டாதது. கைக்கெட்டும் வயலைத் திகதியோடு எழுதுங்கள். மாதிரி போதாது என்பவர்கள் அந்தத் திகதிகளை மறுத்துக் காட்டட்டும்.