பழைய வண்டியின் எண்ணெய்க் கணக்கு

பழைய மோட்டார் வண்டியை நெடுங்காலம் நல்ல ஸ்திதியில் வைத்திருக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எந்த எண்ணெய் உத்தமமானது என்றே விசாரிக்கிறார்கள்; என் அபிப்பிராயத்தில் அதைக் காட்டிலும் முக்கியமானது, ஊற்றிய எண்ணெய் எத்தனை கிலோமீட்டரில் எவ்வளவு குறைகிறது என்பதை எழுதி வைத்திருப்பது.

கோயம்புத்தூரில் நான் வைத்திருப்பது 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் என்ஜின் பூட்டிய அம்பாஸடர். பிரிட்டனில் உருவான அந்தப் பழைய என்ஜினில், கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் இக்காலத்து ரப்பர் சீல் கிடையாது. தண்டிலேயே வெட்டியுள்ள மரை, சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. வண்டி நின்றதும் மரையின் வேலையும் நின்றுவிடுவதால், தரையில் இரண்டொரு சொட்டு விழுவது அந்த யந்திரத்தின் சுபாவமேயன்றி வியாதியன்று. சொட்டைக் கண்டு கலவரமடைந்து என்ஜினை இறக்குவது அநாவசியம்; சொட்டு அதிகரிக்கிறதா என்பதை டிப்ஸ்டிக்கே சொல்லிவிடும்.

அதைப் பார்ப்பதற்கு உகந்த வேளை, இரவெல்லாம் சமதளத்தில் நின்ற வண்டியைக் காலையில் கிளப்புவதற்கு முன்பு. கோலை உருவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, முழுவதும் செருகி மறுபடி எடுத்துப் பார்த்து, மீட்டரில் ஓடியுள்ள கிலோமீட்டருடன் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். குறைந்திருந்தால் சிறிது சிறிதாக ஊற்றி, எண்ணெய் கீழே இறங்கச் சற்று அவகாசம் கொடுத்து, மேல்கோட்டைத் தாண்டாமல் நிறுத்துவது அவசியம். தாண்டினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையோ பேரிங்குகளைக் காக்காது.

எண்ணெய் குறைவதைக் கண்டு அஞ்சுகிறவர்கள், ஊற்றாமலேயே அது உயர்ந்திருந்தால் சந்தோஷப்படுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அதுவே பெரிய அபாயம். இவ்வகை என்ஜினில் பெட்ரோல் பம்பு என்ஜினின் பக்கவாட்டிலேயே பொருத்தப்பட்டு, கேம் தண்டினால் இயங்குகிறது. அதன் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராகச் சம்ப்புக்குள் இறங்கி, எண்ணெயை நீர்க்கச் செய்து, பேரிங்குகளைச் சீக்கிரம் தேய்த்துவிடும். கோலை முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாசனை காட்டிக்கொடுக்கும். மாறாக, எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்குமானால், ஹெட் கேஸ்கெட் வழியாக ரேடியேட்டர் நீர் கலந்திருக்கக்கூடுமென்று சந்தேகிக்க வேண்டும். எதுவாயினும், காரணத்தைச் சரிசெய்து எண்ணெயை மாற்றும்வரை வண்டியைக் கிளப்பலாகாது.

கணக்கில் குறைவு படிப்படியாக விருத்தியடைந்தால், "ஆயில் அடிக்கிறது, என்ஜின் வேலை பார்க்க வேண்டும்" என்று மெக்கானிக் சொல்லுவார்; அதற்கு உடனே சம்மதிக்காமல் புகையைக் கவனிப்பது நலம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு, ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு கியரில் இறங்கி வந்து, மீண்டும் மிதிக்கும்போது மட்டும் நீலப்புகை எழுந்தால், பெரும்பாலும் வால்வு கைடுகளே தேய்ந்திருக்கும். ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். ஏற்றத்தில் இழுக்கும்போது இடைவிடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங்குகளோ போரோ தேய்ந்திருக்கலாம். இவ்விரண்டுக்குமுள்ள செலவு வித்தியாசம் சாமானியமானதன்று.

முகப்பிலுள்ள சிவப்பு விளக்கை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டுவதேயன்றி அளவைக் காட்டுவதன்று. வளைவில் அது ஒரு கணம் மின்னினாலும், அளவு குறைந்து பம்பு காற்றை உறிஞ்சியிருக்கக்கூடும்; உடனே நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், புதுப் பெயிண்டையும் மெத்தையுறையையும் பார்த்து மகிழ்வதற்கு முன்பு, எண்ணெய் மாற்றிய குறிப்புகள் உண்டா என்று விற்பவரைக் கேளுங்கள். இல்லையென்றால், முதல்நாள் மாலையிலேயே சொல்லிவைத்து, மறுநாள் காலையில் குளிர்ந்த என்ஜினின் டிப்ஸ்டிக்கை நீங்களே உருவிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.