பழைய விலாசத்தை நோட்டீஸில் போடலாமா?

பதுளை பஸார் வீதியிலிருந்து கடையை வேறு தெருவுக்கு மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பழைய கதவில் புதிய விலாசத்துடன் பலகை தொங்கவிடுவோம். ஆனால் புதிதாக அடிக்கும் நோட்டீஸிலும் பழைய விலாசத்தையே போட்டால்? வருபவர் பழைய கதவுவரை போய், பலகையைப் பார்த்து, மறுபடி நடக்க வேண்டும். இணையத்தளம் வைத்திருக்கும் நம்மவர் சிலர் தெரியாமலே இதைத்தான் செய்கின்றனர்.

கதவில் தொங்கும் பலகையைக் கணனிக்காரர் ரீடிரெக்ட் என்பர். நாம் வழிமாற்று என்போம். நோட்டீஸின் பெயர் சைட்மெப். தேடுபொறிகளுக்கென நாம் கொடுக்கும் முகவரிப் பட்டியல் அது. 2005 ஜூனில் கூகுள் இதனை அறிமுகப்படுத்த, 2006 நவம்பரில் யாஹூவும் மைக்ரோசொஃப்ட்டும் அதே முறையை ஏற்றுக்கொண்டன. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை போடலாம். நமது தேயிலை, மிளகுக் கடைகளுக்கு ஐம்பதே அதிகம்!

எனது தளத்தில் ஊவாத் தேயிலைக்கென ஒரு பக்கம் இருந்தது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்று வீசும் பருவத்துத் தேயிலையைத் தேடுவோர் அங்குதான் வருவர். பெயரை மாற்றிப் புதுப் பக்கம் போட்டு, பழையதிலிருந்து 301 என்னும் நிரந்தர வழிமாற்றும் வைத்தோம். பட்டியலில் பழைய முகவரி அப்படியே கிடந்தது. கூகுள் சேர்ச் கொன்சோல் அதனைச் சுட்டிக்காட்டவே, தளம் செய்து தந்த தம்பி பட்டியலோடு வழிமாற்றையும் சேர்த்து அழித்துவிட்டார். பழைய முகவரியைக் குறித்து வைத்திருந்த வாடிக்கையாளருக்கு, பக்கமே இல்லை என்ற 404 தான் கிடைத்தது. அந்தப் பருவத்து ஓடர்கள் பல கைநழுவின. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். ஆனால் கதவைப் பூட்டியது நாங்கள்.

பட்டியலிலிருந்து எடுப்பது வேறு, வழிமாற்றை எடுப்பது வேறு. வழிமாற்றைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கும்படி கூகுளே சொல்கிறது. என்னைக் கேட்டால், தளம் இருக்கும்வரை இருக்கட்டும். செலவா என்ன?

பழையது பட்டியலில் ஏன் தங்குகிறது? வேர்ட்பிரஸ் 2020 ஓகஸ்டில் வந்த 5.5 பதிப்பு முதல் பட்டியலைத் தானே தயாரிக்கிறது. வெளியிடப்பட்ட பக்கங்களையெல்லாம் அதில் சேர்த்துவிடும். வழிமாற்று வைத்த பிறகும் பழைய பக்கத்தை வெளியீட்டிலேயே விட்டால் அதுவும் சேரும். வழிமாற்றைத் தொடாமல், அந்தப் பக்கத்தை மட்டும் வரைவு நிலைக்கு மாற்றுங்கள்.

எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் விடுதி நடத்தும் சகோதரர்கள் திருத்த வேலைக்காகச் சில நாட்கள் அறைப் பக்கத்தை வேறிடம் திருப்புவதானால் 302 போதும். பட்டியலைத் தொடத் தேவையில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று சங்கிலியாக அனுப்பாதீர்கள். நீக்கிய பக்கங்களை எல்லாம் முகப்புக்குத் திருப்புவதும் வேண்டாம். மிளகு கேட்டு வந்தவருக்குக் கடை வாசலைக் காட்டுவது போன்றது அது. பழைய முகவரிகளை ரோபோட்ஸ் கோப்பில் தடுத்தால் கூகுளால் வழிமாற்றைப் பார்க்கவே முடியாது.

தளம் முழுவதும் புதிய பெயருக்கு மாறும்போது, கூகுள் வழிமாற்றுகளை விரைவாகக் காணட்டும் என்று பழைய முகவரிகளைத் தனிப் பட்டியலாகச் சில காலம் கொடுப்பவர்கள் உண்டு. அது பிழையல்ல. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

மாதக் கணக்குப் பார்க்கும் நாளில் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு முகவரியையும் அழுத்திப் பாருங்கள். மேலேயுள்ள முகவரி வேறொன்றாக மாறினால், மாறி வந்ததையே பட்டியலில் எழுதுங்கள். தளத்தின் மெனுவிலும் பழையது இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அரை மணித்தியால வேலைதான்.