ஜிங்கோ: எந்தப் பகுதி, யாருக்கு, எவ்வளவு?

அன்புத் தங்கைக்கு,

தேர்வு நெருங்கும் வேளையில் ஜிங்கோ மாத்திரை சாப்பிட்டால் படித்தது மறக்காமல் நிற்குமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொண்டால், நாளைக்கு வேறொரு மூலிகையின் பெயரில் வேறொரு டப்பா வந்தாலும் நீயே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் மரத்தைப் பார். ஜிங்கோவின் தாயகம் சீனா. அதன் இலை விசிறி போல விரிந்திருக்கும்; இலையுதிர் காலத்தில் பொன்மஞ்சளாக மாறும். டைனோசர்கள் வாழ்ந்த காலத்துப் பாறைகளிலேயே ஜிங்கோ பேரினத்தின் இலைப்பதிவுகள் கிடைக்கின்றன. அதன் உறவு மரங்களெல்லாம் அழிந்துபோக, இந்த ஒன்று மட்டும் எஞ்சி நிற்கிறது. பௌத்தக் கோயில்களின் வளாகங்களில் நட்டுப் போற்றியதால் சீனாவிலும் கொரியாவிலும் ஜப்பானிலும் மிக முதிய மரங்கள் இன்றும் நிற்கின்றன. 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 1,130 மீட்டர் தொலைவில், ஹோசென்போ என்ற கோயிலில் நின்ற ஜிங்கோ மீண்டும் துளிர்த்தது. இவ்வளவு வலிய மரம் நமக்கும் வலிமை தரும் என்று மனம் எண்ணுவது இயல்பு. ஆனால் மரத்தின் ஆயுள் மாத்திரைக்குள் வந்துவிடாது.

சீன மருத்துவ மரபு இந்த மரத்தில் முக்கியமாக எடுத்துக்கொண்டது கொட்டையை. பெண் மரத்தில் காய்க்கும் கொட்டையைச் சதை மூடியிருக்கும். கனிந்து விழுந்ததும் அந்தச் சதை கெட்டுப்போன வெண்ணெய் போல நாறும். சதையை நீக்கி, ஓட்டை உடைத்து, உள்ளிருக்கும் பருப்பை வறுத்தோ வேகவைத்தோ இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் அடிக்கடி சிறுநீர் போவதற்கும் கொடுத்தார்கள். திங் சுவான் தாங் என்ற ஆஸ்துமாக் கஷாயத்தில் இந்தப் பருப்பு வேறு பல சரக்குகளோடு சேர்கிறது. இலையையும் மருந்தாகப் பயன்படுத்தியதுண்டு; ஆனால் கொட்டைக்கு இருந்த இடம் அதற்கு இல்லை.

அந்த மரபு கொட்டையின் நஞ்சையும் நன்றாக அறிந்திருந்தது. 16ஆம் நூற்றாண்டில் லீ ஷிழென் தொகுத்த பென்சாவ் கங்மு என்ற பெரும் மருந்து நூல், பசிக்கொடுமையில் சோற்றுக்குப் பதிலாக இந்தப் பருப்பை வயிறு நிறையத் தின்றவர்கள் மறுநாளே இறந்ததாகக் கூறப்படும் செய்தியைப் பதிவு செய்திருக்கிறது. காரணத்தை இன்றைய வேதியியல் விளக்குகிறது. பருப்பில் ஜிங்கோடாக்சின் என்ற பொருள் உண்டு. அது வைட்டமின் பி6 போலவே அமைந்திருப்பதால், உடலில் அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கிறது. அதனால் மூளை நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற பொருள் குறைந்து, வலிப்பு வருகிறது. குழந்தைகளே இதற்கு எளிதில் ஆளாகிறார்கள். வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதும் நீங்குவதில்லை. ஜப்பானியர் சாவன்முஷி என்ற முட்டைப் பதார்த்தத்தில் ஒன்றிரண்டு பருப்பு மட்டும் போடுவார்கள். அளவு அறிந்து உண்பதும் அந்த மரபின் பகுதிதான்.

இனி நீ கேட்ட மாத்திரைக்கு வருவோம். அதில் இருப்பது கொட்டை அல்ல, இலைச்சாறு. 1960களில் ஜெர்மனியின் ஷ்வாபே நிறுவனம் அதை மருந்தாகக் கொண்டுவந்தது. இலையைக் கரைப்பான்களில் ஊறவைத்துப் பிரித்து, ஃபிளேவனாய்டு வகைப் பொருள்கள் சுமார் 24 விழுக்காடும் டெர்பீன் லாக்டோன்கள் சுமார் 6 விழுக்காடும் இருக்கும்படி தரப்படுத்தினார்கள். இலையில் உள்ள ஜிங்கோலிக் அமிலத்தைப் பெரும்பாலும் அகற்றினார்கள். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் அல்லவா, அதிலுள்ள அமிலத்துக்கு நெருங்கிய உறவு இது. அதனால் இலையைப் பறித்துக் காய்ச்சிக் குடிப்பதும் இந்த மாத்திரையும் ஒன்றல்ல. மாத்திரைக்கு ஆயிரமாண்டு வரலாறும் கிடையாது.

நினைவாற்றலுக்கு அது உதவுகிறதா? அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் இலைச்சாறு, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. சுமார் ஆறு ஆண்டுகள் கவனித்தார்கள். மறதி நோய் வருவதை ஜிங்கோ தடுக்கவில்லை என்று 2008இல் முடிவு வெளிவந்தது. பிரான்சில் முதியோரிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு 2012இல் இதையே சொன்னது. ஏற்கெனவே லேசான மறதி நோய் வந்துவிட்ட முதியோருக்கு ஓரளவு பலன் கிடைக்கலாம் என்பதை ஐரோப்பிய மருந்து முகமை ஏற்கிறது. அதே முகமை, சிறுவருக்கும் பதின்வயதினருக்கும் இதில் பொருத்தமான பயன் இல்லை என்றும் சொல்கிறது. நலமாக இருப்பவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டின் கட்டுரையும் நினைவாற்றல் கூடியதற்குச் சான்று காணவில்லை.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று நினைத்துவிடாதே. இலையில் உள்ள ஜிங்கோலைடு பி, இரத்தத் தட்டணுக்கள் ஒன்றுகூடுவதைத் தடுக்கக்கூடியது. அதனால், இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவர்களும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் அப்படித்தான். நம் வீட்டுப் பெரியவர்களில் இதய மாத்திரை எடுப்பவர்கள் உண்டு. நீ வாங்கி வைக்கும் டப்பாவை அவர்களும் எடுத்துச் சாப்பிடக்கூடும் என்பதை மறவாதே.

எந்த மூலிகையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் மூன்று கேள்விகளைக் கேள். மரபு பயன்படுத்திய அதே பகுதியா இது? யாருக்கு, எந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? எவ்வளவு கொடுத்தார்கள்? இவற்றுக்கு விடை தெரியாமல் மருந்தைப் புகழ்வது மருத்துவ மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

உன் வயதில் நினைவாற்றலுக்குத் தேவை நல்ல உறக்கமும், படித்ததைப் புத்தகம் பாராமல் சொல்லிப் பார்க்கும் பழக்கமும். இரவு கண் விழித்துப் படிப்பதை நிறுத்து. மாத்திரைக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல புத்தகம் ஒன்று வாங்கு. இந்தக் கடிதத்தை உன் தோழிகளிடமும் காட்டு.

அன்புடன்,
உன் அண்ணன்