பெரிய மீன் தொட்டி: குழாய் அமைப்பும் கசிவுத் தடுப்பும்

வீட்டிலோ பள்ளியிலோ வைக்கப்படும் சிறிய கண்ணாடித் தொட்டிக்குக் குழாய் எதுவும் தேவையில்லை. தொட்டியின் கொள்ளளவு ஐந்நூறு லிட்டரைக் கடக்கும்போது நிலைமை மாறுகிறது. நீரை வடிகட்டியின் வழியே ஓயாது சுழலச் செய்ய வேண்டியிருப்பதால், தொட்டிக்குக் கீழே ஒரு துணைத் தொட்டியும், அதில் ஒரு பம்பும், ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனிக் குழாய்களும் வந்து சேருகின்றன. கசிவு என்னும் தொல்லையும் அவற்றுடனேயே வந்து சேருகிறது.

போடிமெட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக அமையும். போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மூணாறு செல்லும் சாலை, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி இடுக்கி மாவட்டத்தில் நுழையும் இடம் இது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. மழைக் காலத்தில் மின்சாரம் தடைப்படுவதும், ஊற்று நீரைச் சரிவில் கறுப்புக் குழாய் போட்டு இறக்கிக்கொள்வதும் இத்தகைய மலையூர்களில் வழக்கம். மூடுபனி கண்ணாடியின் மேல் படிந்து ஒழுகும். சமவெளியில் பிழையின்றி இயங்கிய அமைப்பு இங்கே பல விதங்களில் சோதிக்கப்படுகிறது.

அழுத்தத்தின் அளவு

180 செ.மீ. நீளமும், 60 செ.மீ. அகலமும், 60 செ.மீ. நீர் ஆழமும் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 648 லிட்டர் நீர் அடங்கும். நீரின் எடை மட்டுமே 648 கிலோ. கண்ணாடி, மணல், கற்கள், தாங்கி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். பலகைத் தளத்தில் இதனை வைத்தல் கூடாது. தாங்கியின் ஒரு கால் சிறிது இறங்கினாலும் கண்ணாடி முறுக்கப்பட்டு, மூலையில் ஒட்டுப் பிரியும்.

அடிமட்டத்தில் நீரின் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 60 கிராம்; மேற்பரப்பில் சுழி; சராசரி 30 கிராம். முன்புறக் கண்ணாடியின் பரப்பு 10,800 சதுர செ.மீ. ஆதலால் அதன்மீது அழுந்தும் மொத்த விசை 324 கிலோ எடைக்குச் சமம். நீரின் ஆழம் பாதியானால் இந்த விசை கால் பங்காகக் குறையும். தொட்டியின் அகலத்தை இரு மடங்காக்கினாலும் முன்கண்ணாடியின் மீதுள்ள விசை மாறாது. அது ஆழத்தையும் நீளத்தையும் மட்டுமே பொறுத்தது. 1895 இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணைக்கும் இதே விதிதான். பின்னால் எத்தனை மைல் நீர் பரந்து கிடந்தாலும் அணையின் மேல் அழுந்துவது நீரின் உயரமே. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இவ்விதியை நம்ப மறுப்பார்கள். தொட்டியின் அருகே நிறுத்தி விளக்கினால் ஏற்றுக்கொள்வார்கள்.

தொட்டிக்குள் இருக்கும் அழுத்தம் இவ்வளவு சிறிதே. ஆனால் 20 மீட்டர் மேலேயுள்ள ஊற்றிலிருந்து வரும் குழாயில், நீர் நிற்கும்போது, ஒரு சதுர செ.மீ.க்கு 2 கிலோ அழுத்தம் உண்டு. அது தொட்டியின் அடிமட்ட அழுத்தத்தைப் போல 33 மடங்கு. ஆகவே ஊற்றுக் குழாயைத் தொட்டியுடன் நேராக இணைப்பது பெருந்தவறு. மிதவை வால்வில் ஒரு மணற்பரல் சிக்கினால் இரவு முழுவதும் நீர் பெருகி வீட்டை நிரப்பிவிடும். இடையில் ஒரு டிரம் வைத்து, அதன் வழிநீர் வெளியே போக ஏற்பாடு செய்து, தேவைப்படும்போது மட்டும் தொட்டிக்கு நீர் விடுதல் நலம். அழுத்தத்தில் வந்த நீரில் மிகுதியாகக் கரைந்துள்ள காற்றும் டிரம்மில் வெளியேறிவிடும். அவ்வாறன்றி நேரே விடப்பட்டால், அக்காற்று மீனின் உடலில் குமிழிகளாகத் தோன்றி அதைக் கொல்லவும் கூடும்.

மின்சாரம் நின்றால்

பெரும்பாலான வெள்ளங்கள் உடைந்த குழாயால் வருவதில்லை. பம்பு நிற்கும் நேரத்தில் வருகின்றன. பம்பு நின்றவுடன் ஏறுகுழாய் வடிகுழாயாக மாறி, மேல் தொட்டி நீரைத் திரும்பக் கீழே இழுக்கத் தொடங்கும். குழாயின் வாய் நீர்மட்டத்திற்குக் கீழே எவ்வளவு மூழ்கியிருக்கிறதோ அந்த மட்டம் வரை இழுப்பு நிற்காது.

மேற்கூறிய தொட்டியில் குழாயின் வாய் 15 செ.மீ. மூழ்கியிருந்தால் இறங்கும் நீர் 162 லிட்டர். துணைத் தொட்டி 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உடையதென்றும், அதில் நீர் 25 செ.மீ. மட்டத்தில் ஓடுகிறதென்றும் கொள்வோம். மீதமுள்ள 20 செ.மீ. உயரத்தில் 81 லிட்டருக்கே இடம் உண்டு. எஞ்சிய 81 லிட்டர், அதாவது ஐந்து குடத்திற்கு மேல், தரையில் ஓடும். குழாயின் வாயை 3 செ.மீ. ஆழத்தில் வைத்தால் இறங்குவது 32 லிட்டர் மட்டுமே. குழாய்களில் நின்ற நீரையும் சேர்த்துத் துணைத் தொட்டி எளிதில் ஏற்கும்.

நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே ஏறுகுழாயில் 5 மி.மீ. துளையிட்டால் மட்டம் இறங்கியதும் காற்றுப் புகுந்து இழுப்பு அறுந்துவிடும். துளையைப் பாசி அடைக்குமாதலால் மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும். திரும்பா வால்வை மட்டும் நம்பியிருத்தல் தகாது. ஒரு நத்தை ஓடு போதும், அது மூடாமல் நிற்க.

எதிர்த் திசையிலும் கணக்குப் பார்க்க வேண்டும். இறங்கு குழாய் இலையால் அடைபட்டால், பம்பு கீழ்நீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். துணைத் தொட்டியின் மட்டம் 25 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ.க்கு இறங்கும் வரை தள்ளினால் சுமார் 61 லிட்டர் மேலேறி, பெரிய தொட்டியின் மட்டம் 5.6 செ.மீ. உயரும். விளிம்பிற்குக் கீழே அவ்வளவு இடம் விடாதவர் இரண்டாவது இறங்கு குழாய் ஒன்றை அவசரத்திற்கென வைத்தே தீர வேண்டும். அதில் வால்வு பொருத்தலாகாது.

இணைப்புகள்

கண்ணாடியில் துளையிட்டுக் குழாயை வெளியே எடுக்க டேங்க் நிப்பிள் பயன்படுகிறது. இதன் ரப்பர் வாஷர் விளிம்புப் பக்கம், அதாவது நீர் நிற்கும் பக்கம் அமைய வேண்டும். நட்டுப் பக்கம் வாஷர் போட்டால் நீர் மரையின் வழியே நழுவி வரும். கையால் இறுக்கியபின் கால் சுற்று போதும். ஸ்பானரின் வலிமையைக் கண்ணாடியிடம் காட்டலாகாது. கடினமாக்கப்பட்ட கண்ணாடியில் துளையிட இயலாது. முயன்றால் முழுத் தகடும் பொடியாகும்.

பி.வி.சி. குழாயை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, இரு பரப்பிலும் பசை பூசி, கால் சுற்றுத் திருகிச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். குளிரும் ஈரமும் மிக்க இடத்தில் பசை மெதுவாகவே இறுகுமாதலால் ஒரு நாளுக்குக் குறையாமல் காத்திருத்தல் நன்று. பம்பின் அருகே யூனியனும் வால்வும் வைத்துவிட்டால், பழுது பார்க்கக் குழாயை அறுக்க வேண்டியதில்லை. பம்பின் அதிர்வு இணைப்புகளைத் தளர்த்தாதபடி ஒரு சாண் நெகிழ் குழாய் இடையே இருக்கட்டும்.

பாறை மலைகளின் ஊற்று நீர் பெரும்பாலும் மென்னீர். சிறிது அமிலத்தன்மையும் கொள்ளும். அது பித்தளையிலிருந்து செம்பையும், தகரக் குழாயிலிருந்து துத்தநாகத்தையும் கரைக்கும். இவ்விரண்டும் மீனுக்கு நஞ்சு. ஆகவே நீர் படும் இடமெல்லாம் பிளாஸ்டிக்கே தகும்.

மூலை ஒட்டுகளுக்குச் சிலிக்கோன் பசை 1960களில் வழக்கத்திற்கு வந்தது. அதற்கு முன் இரும்புச் சட்டமும் புட்டியும் பயன்பட்டன. பழைய சிலிக்கோன் மீது புதியது சரியாக ஒட்டாது. கசியும் இடத்தில் மேலும் பூசுவது வீண். பழையதை முற்றும் சுரண்டி எடுத்தே பூச வேண்டும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறைப் பசையைத் தொடவே கூடாது.

கசிவா, பனியா?

குளிர்ந்த ஊற்று நீர் நிரப்பிய தொட்டியின் வெளிப்புறம் மூடுபனி நாளில் வியர்க்கும். இதைக் கசிவென்று எண்ணித் தொட்டியைப் பிரித்தவர்கள் உண்டு. ஒவ்வோர் இணைப்பிலும் உலர்ந்த செய்தித்தாளைச் சுற்றி வைத்தால் ஐயம் தீரும்: பனியானால் எல்லாத் தாளும் ஒரே அளவில் நனையும், கசிவானால் ஒன்று மட்டும் ஊறும்.

மட்டம் குறைவது கசிவாலா, ஆவியாலா என்று அறிய, அதே நீரை ஓர் அகன்ற பாத்திரத்தில் அருகில் வைத்து, பம்பை நிறுத்தி, ஒரு நாள் இடைவெளியில் இரு மட்டங்களையும் அளக்க வேண்டும். மீன் விடுவதற்கு முன்பே இச்சோதனையைச் செய்துவிடலாம். தொட்டியில் கூடுதலாக இறங்கும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் கசிந்ததாகக் கொள்க. பெரியாற்று அணையிலும் கசிநீர் வடிகால் சுரங்கத்தில் சேர்த்து அளக்கப்படுகிறது.

மலைக் குளிரில் நீர் தானாகவே பிராணவாயு மிகுந்திருக்கும் என்ற எண்ணம் பரவலானது. அது அரைகுறையே. கடற்கரையில் 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 7.5 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 20 பாகையில் 9.1 மில்லிகிராம் ஏற்க வேண்டும். ஆனால் 1,400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 85 விழுக்காடே ஆதலால் அது 7.7 ஆகக் குறைகிறது. குளிரின் ஆதாயத்தை உயரம் பறித்துக்கொள்கிறது. மின்தடை நீடிக்கும்போது இம்மீன்களுக்கும் சமவெளி மீன்களைப் போலவே மூச்சுத் திணறும். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்று கைவசம் வேண்டும்.

மீன் விடுமுன் மூன்று நாள் வெறும் நீரைச் சுழலவிட்டு, அதற்கிடையில் ஐந்தாறு முறை மின்சாரத்தைத் துண்டித்துப் பார்க்க வேண்டும். மின்கம்பியை, சொட்டும் நீர் செருகியை அடையாதபடி, செருகிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுப் பொருத்துக. மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாத இணைப்பில் பம்பை ஓட்டுதல் கூடாது. நீருக்குள் கைவிடுமுன் செருகியைப் பிடுங்கிவிடும் பழக்கத்தை மாணவர்களிடம் முதல் நாளிலேயே ஏற்படுத்த வேண்டும்.