மினுக்கத்தைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள்

செஞ்சிப் பக்கம் மாட்டுக் கொட்டகை, களத்துக் கூரை, தோட்டத்து வேலி போட்டுக் கொடுப்பது என் தொழில். ஜிஐ ஷீட்டும் கம்பியும் எத்தனை வருஷம் துருப்பிடிக்காமல் நிற்கும் என்பது மேலே பூசிய துத்தநாகத்தின் அளவைப் பொறுத்தது. புதுசில் எல்லாமே மினுக்கும். அதனால் மொத்தமாக எடுக்கும் முன் ஒரு துண்டு வாங்கிச் சோதித்துவிடுவேன்.

ஷீட்டுக்கு: வண்ணம் பூசாத ஷீட்டில் 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, பிசுக்குப் போகத் துடைத்து, நகைத் தராசில் நிறுக்கிறேன். தண்ணீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் போட்டால் நுரைத்துப் பொங்கும். பொங்குவது அடங்கியதும் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் இரும்பும் கரைந்து கணக்குத் தப்பும். கழுவிக் காயவைத்து மறுபடி நிறுத்து, குறைந்த கிராமை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம் வந்துவிடும். அதாவது, இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பூச்சு என்ற கணக்கு. 2.75 கிராம் குறைந்தால் 275 ஜிஎஸ்எம், பக்கத்துக்குச் சுமார் 19 மைக்ரான். 1.2 கிராம் என்றால் 120 ஜிஎஸ்எம், 8 மைக்ரான்தான். ஒரே சூழலில் பூச்சு பாதியானால் ஆயுளும் ஏறக்குறைய பாதி.

கவனம்: வெளிவருவது ஹைட்ரஜன். திறந்தவெளியில், பீடியோ வெல்டிங் பொறியோ அருகில் இல்லாமல், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். தண்ணீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும்.

கம்பிக்கு: மயில்துத்தக் கரைசலில் ஒரு நிமிடம் முக்கி, கழுவித் துடைத்து, மறுபடி முக்குகிறேன். இந்தியத் தரநிலை ஐஎஸ் 2633 சொல்லும் முறை இது. துடைத்தால் போகும் கறுப்புக்குப் பயம் வேண்டாம். துடைத்தும் போகாத செம்பு நிறம் வந்தால் அங்கே பூச்சு தீர்ந்துவிட்டது. வெட்டிய நுனியில் வரும் சிவப்பை விட்டுவிடுங்கள்.

உப்புத் தெளிப்புச் சான்றிதழ்: 5 சதவீத உப்புநீரை 35 டிகிரியில் விடாமல் தெளிக்கும் சோதனை இது. சான்றிதழில் இருக்கும் மணிக்கணக்கை வருஷக் கணக்காக மாற்ற முடியாது. வெளியே நனைந்து காயும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து துத்தநாகத்தின் மேல் ஒரு காப்புப் படலம் உருவாகும். ஓயாமல் நனையும் சோதனைப் பெட்டிக்குள் அதற்கு வழியில்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் வைத்து ஆராய்கிறது. ஊர்க் காற்றில் எத்தனை நாள் தாங்கும் என்பதை அப்படித்தான் அறிய முடியும்.

செஞ்சியில் கடல் உப்பைவிட மாட்டு மூத்திரமும் உரமூட்டையும்தான் பெரிய எதிரி. அவை படாமல் ஷீட்டை உயர்த்திக் கட்டுங்கள். வெல்டிங்கில் பூச்சு எரிந்த இடத்தில் ஜிங்க் பெயின்ட் அடியுங்கள். பில்லில் கேஜ் (தடிமன்) மட்டும் போதாது. ஜிஎஸ்எம்மையும் எழுதி வாங்குங்கள்.